தலையிடி இல்லை, வலிப்பு

காலை ஐந்து நாற்பதுக்குச் சங்கவியின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை குசினி நிலத்தில் விழுந்து உடைந்தது. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"விழுத்திப்போட்டியோ? இந்த வீட்டிலை இனி ஒரு கோப்பையும் மிஞ்சாது" என்றேன்.

சில மாதங்களாகவே காலையில் அவள் கையில் எதுவும் நிற்பதில்லை. சீப்பு விழும், பேனை விழும், ஒருநாள் சோற்றுக் கோப்பை விழுந்தது. கை தானாக வெட்டுகிறது என்று சொன்னாள். உயர்தரப் பரீட்சைக்குக் கண்விழித்துப் படிக்கிற பிள்ளை, நித்திரைக் கலக்கத்தில் கவனமில்லாமல் செய்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

பிறகு ஒரு சத்தம் கேட்டது. மனிதக் குரல் என்று சொல்ல முடியாத ஒரு நீண்ட சத்தம். திரும்பினால் பிள்ளை நிலத்தில் கிடக்கிறாள். உடம்பு பலகைபோல் விறைத்திருக்கிறது. கண் மேலே செருகியிருக்கிறது. அடுத்த கணம் கை கால் எல்லாம் அடிக்கத் தொடங்கியது. வாயில் நுரை.

கணவர் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்தார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வளவிலிருந்து அவருடைய தமையன் ஓடி வந்தார். எனக்கு அத்தான், சங்கவிக்குப் பெரியப்பா. அவள்மேல் உயிரையே வைத்திருக்கிறவர்.

"இரும்பு! இரும்பொண்டு குடு பிள்ளை! கையிலை இரும்பு குடுத்தால் நிண்டிடும்!"

எனக்கு ஒரு கதவுத் திறப்புக்கூட அகப்படவில்லை. முற்றத்தில் லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் நின்றது. அதை ஸ்டார்ட் பண்ணுகிற வளைந்த இரும்புக் கம்பி பக்கத்தில் கிடந்தது. அத்தான் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, சங்கவியின் வலது கைக்குள் வைத்து, விரல்களை மடக்கித் தன் கையால் பொத்திப் பிடித்தார். அடித்துக்கொண்டிருக்கிற கையை யாரால் பிடித்து வைக்க முடியும்? கம்பியோடு சேர்ந்து கை மேலே வந்தது. கம்பி அவளுடைய நெற்றியைப் பிளந்தது.

கொஞ்ச நேரத்தில் வலிப்பு நின்றது. தானாக நின்றது என்று இப்போது தெரியும். அப்போது அத்தான், கை முழுக்க இரத்தத்தோடு, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "பாத்தியே? நிண்டிட்டுது."

நடந்ததை இப்படி விபரமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் படித்தவள். கமநல சேவை நிலையத்தில் வேலை செய்கிறேன். பயிரில் எந்த நோய்க்கு எந்த மருந்து அடிப்பது என்று நாள் முழுக்கக் கமக்காரருக்குச் சொல்கிறவள். என் பிள்ளை விழுந்தபோது எனக்குத் தெரிந்த வைத்தியமும் அந்தக் கம்பிதான்.

வட்டக்கச்சியிலிருந்து கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு வாடகைக்குப் பிடித்த வானில் கொண்டுபோனோம். வழியில் அவளுக்கு நினைவு திரும்பியது. ஆனால் என்னைத் தெரியவில்லை. குழந்தைபோல் முழித்தாள், பிறகு தூங்கிப்போனாள். வலிப்புக்குப் பிறகு மூளை களைத்துப்போவதால் வருகிற தூக்கம் அது என்றும், பயப்பட வேண்டியதில்லை என்றும் பிறகு சொன்னார்கள். அந்த வானுக்குள் அதை எனக்குச் சொல்ல ஆளில்லை.

நெற்றிக்குத் தையல் போட்ட டொக்டர் சின்னப் பெண்.

"வலிப்பு வந்து விழுந்ததிலை இப்பிடி நேராக வெட்டாதே. என்ன பட்டது?"

அத்தான் நிலத்தைப் பார்த்தார். "கம்பி, டொக்டர்."

"என்ன கம்பி?"

"லாண்ட்மாஸ்டர் ஸ்டார்ட் பண்ணுற கம்பி. நான்தான் கையிலை குடுத்தனான்."

அவர் தையலை நிறுத்திவிட்டு அத்தானை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல காலம் ஐயா, மெசினைத் தூக்கிக் குடுக்கேல்லை."

பிறகு அவர் கேள்விகள் கேட்டார். காய்ச்சல் இருந்ததா, குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி வந்ததா, தலையில் எப்போதாவது அடிபட்டதா. கடைசியாக, "உடம்புக்குள்ள செல் துண்டு, இரும்பு ஏதும் இருக்கா?"

"இல்லை" என்றேன்.

கேள்வி முடியுமுன்பே வந்தது அந்தப் பதில். கணவர் வயல் சேறு காயாத காலோடு அப்போதுதான் வந்து சேர்ந்து என் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்தார்.

இருக்கிறது. இடது தோள்பட்டைக்குக் கீழே, புளியங்கொட்டையில் பாதி அளவில், வெடித்த செல்லின் இரும்புத் துண்டு ஒன்று. கடைசிச் சண்டையில் இடம்பெயர்ந்து ஓடியபோது என் இடுப்பில் கைக்குழந்தையாக இருந்தவளுக்குப் பட்டது. எடுக்கப் போனால் ஆபத்து, அப்படியே கிடக்கட்டும் என்றார்கள். பிறகு முகாமிலும், ஊர் திரும்பிய பின்பும், காயம் இருக்கிறதா என்று யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லப் பழகினோம். காயம் இருக்கிறவர்களிடம் இராணுவம் மேலதிகமாக நாலு கேள்வி கேட்கும். அந்தப் பயத்தில் பழகிய வாய், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு டொக்டர் என் பிள்ளையின் நன்மைக்காகக் கேட்டபோதும் அதையே சொன்னது.

அன்று மத்தியானம் சங்கவியின் வகுப்பு ஆசிரியை தொலைபேசியில் வந்தார். "பிள்ளைக்கு என்ன அம்மா?" என்றார்.

"உடம்பிலை இரத்தம் காணாதாம் மிஸ். தலைச்சுற்று" என்றேன்.

கட்டிலில் கிடந்த சங்கவி கண்ணைத் திறந்தாள்.

"ஏன் அம்மா பொய் சொல்லுறீங்கள்?"

"ஊருக்குள்ள தெரிய வேண்டாம்."

"தலைச்சுற்று எண்டு சொன்னால், நான் விழேக்க எல்லாரும் முகத்திலை தண்ணி அடிச்சு, வாயுக்குள்ள தண்ணி ஊத்துவினம். நீங்கள் சொன்ன பொய்க்குத்தான் வைத்தியம் நடக்கும்."

பக்கத்துக் கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்த தாதி மிஸ்ஸி திரும்பி, "உங்கட மகளைத் தாதிப் படிப்புக்கு விடுங்கோ" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் பயம் என்ன என்று சொல்ல வேண்டும். பிள்ளை செத்துப்போவாள் என்பதல்ல. எங்கள் ஒழுங்கையில் ஒரு பெண் இருக்கிறாள். எட்டாம் வகுப்பில் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் வலிப்பு வந்தது. சுகம் வந்த பிறகு அனுப்பலாம் என்று மறித்தார்கள். அந்தச் சுகம் வரவேயில்லை. கிணற்றடிக்கு விடுவதில்லை, அடுப்படிக்கு விடுவதில்லை, கலியாண வீட்டுக்குக் கூட்டிப் போவதில்லை. இன்று அவளுக்கு நடுவயது. கோழிக்குத் தீன் போடுகிறாள். அவளுடைய பெயர் அந்த ஒழுங்கையில் யாருக்கும் ஞாபகமில்லை. 'வலிப்புக்காரி' என்றால்தான் தெரியும். சங்கவி திரும்பவும் தன்னுடைய வகுப்பில், தன்னுடைய கதிரையில் போய் இருப்பாளா, அல்லது கோழிக்குத் தீன் போடுவாளா? ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் எனக்கு இந்த ஒரு கேள்விதான்.

மேலதிக பரிசோதனைகளுக்கு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அங்கே நரம்பியல் கிளினிக்குக்கு முன்னால் இருப்பதற்கு ஒரு நீள வாங்கு. காலை வெயில் நேராக முகத்தில் அடித்தது. பக்கத்தில் இருந்த ஒருவர் தன் கிளினிக் கொப்பியைப் பேப்பருக்குள் சுற்றி வைத்திருந்தார்.

"உங்களுக்கு என்ன வருத்தம் ஐயா?" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"தலையிடி."

அவருக்கு அடுத்திருந்த அம்மா தன் மகனுக்குத் தலையிடி என்றார். அதற்கும் அங்கால் புதிதாகக் கலியாணம் செய்த ஒரு பெண், அவளுக்கும் தலையிடி. "உங்கட பிள்ளைக்கு?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார்கள்.

"இவளுக்கும் தலையிடிதான்" என்றேன்.

சங்கவி வாய்விட்டுச் சிரித்தாள். நெற்றித் தையல் இழுத்து நொந்தது, அப்படியும் சிரித்தாள். "தலையிடிக்குத் தனி வாங்கு போட்டிருக்கினம் அம்மா" என்றாள். பேப்பர் சுற்றியவர் முதலில் முறைத்தார். பிறகு அவரும் மெல்லச் சிரித்து, கொப்பியை வெளியே எடுத்து மடியில் வைத்தார்.

முதற் பரிசோதனை ஈ.ஈ.ஜி. தலைமயிரைப் பிரித்துப் பிரித்துப் பசைபோல் ஒன்றைப் பூசி, மெல்லிய வயர்களை ஒட்டுகிறார்கள். அதில் கரண்ட் அடிக்காது, நோவும் இல்லை. மூளைக்குள் ஓடுகிற மின்சாரத்தை அந்த வயர்கள் கேட்டுக் கோடு கோடாக வரைகின்றன. கண்ணுக்கு முன்னால் ஒரு வெளிச்சம் மின்னி மின்னி அணையும். வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள். நடுவில் சங்கவியின் கை ஒருமுறை வெட்டியது, கோப்பை விழுந்தபோது வெட்டியதைப் போலவே. அதே கணம் திரையில் கோடுகள் எழும்பிக் குதித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். மாதக்கணக்காக நான் ஏசியது அந்தக் கோட்டைத்தான்.

அடுத்தது எம்.ஆர்.ஐ. அது ஒரு பெரிய காந்தக் குழாய். எக்ஸ்ரேக்குத் தெரியாத நுணுக்கமான இடங்களைக்கூடக் காட்டும். வாசலில் நின்ற தொழில்நுட்பவியலாளர், உடம்பில் இரும்பு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். கதவு சாத்தப்பட்டது. நான் வெளியே கதிரையில் இருந்து தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கதவு உடனேயே திறந்தது.

"அம்மா, பிள்ளை தோளிலை செல் துண்டு இருக்கெண்டு சொல்லுறா."

எனக்குத் தெரியாதா, காந்தம் இரும்பை என்ன செய்யும் என்று? அவருடைய வாயிலிருந்து கேட்டபோதுதான் இரண்டையும் சேர்த்து நினைத்தேன். அந்தக் குழாய்க்குள் போயிருந்தால் துண்டு அசைந்திருக்கலாம், சுட்டிருக்கலாம், பக்கத்து நரம்பைக் கிழித்திருக்கலாம்.

அவர் ஏசவில்லை. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து என் கையில் தந்தார்.

"இஞ்ச வாற சனத்திலை கனபேருக்கு இருக்குதம்மா. கன அம்மாமார் இல்லை எண்டுதான் சொல்லுறவை. எங்களுக்குத் தெரியும். அதுதான் உள்ளுக்குக் கூப்பிட்டு ஆளிட்டையும் ஒருக்காக் கேக்கிறனாங்கள்."

சங்கவி ஆஸ்பத்திரிக் கவுனோடு வந்து பக்கத்தில் இருந்தாள். நான் ஏசுவேன் என்று பார்த்திருப்பாள். நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். "சொன்னது நல்லது" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

"எனக்குள்ள கிடக்கிறதை நான்தானே அம்மா சொல்லோணும்" என்றாள்.

தோளை எக்ஸ்ரே எடுத்தார்கள். காந்த ஸ்கானைக் கைவிட்டுத் தலைக்கு சி.டி. ஸ்கான் செய்தார்கள். அது எக்ஸ்ரே வகை, இரும்பு இருந்தாலும் பயமில்லை. தலைக்குள் கட்டி இல்லை, காயம் இல்லை.

நிபுணர் எங்களை இருத்தி வைத்துக் கதைத்தார். நரைத்த தலை, அவசரமில்லாத குரல். அத்தானும் அன்று வந்திருந்தார், கோயில் நூலோடும் விபூதியோடும்.

"மூளை வேலை செய்யிறதே சின்னச் சின்ன மின்சாரத்திலைதான். சில நேரம் அது ஒரேயடியா எழும்பும். அதுதான் வலிப்பு. இந்தப் பிள்ளைக்கு வந்திருக்கிறது, பதின்ம வயதிலை தொடங்கிற ஒரு வகை. காலையிலை கை வெட்டும், சாமான் விழும். நித்திரை குறைஞ்சால் பெரிசா வரும். மருந்துக்கு நல்லாக் கேக்கும்."

"அந்தச் செல் துண்டாலையோ டொக்டர்?" என்று கணவர் கேட்டார்.

"தோளிலை கிடக்கிறது தலைக்கு என்ன செய்யப் போகுது? சம்பந்தமில்லை."

அத்தான் தொண்டையைச் செருமினார். "டொக்டர், இது பேய் பிசாசு, தோசம் எண்டு ஒண்டும்…"

"இல்லை ஐயா. அந்த நுரை எச்சில்தான், ஆரிலையும் தொத்தாது. விழுந்தால் ஒரு பக்கமாச் சரிச்சு விடுங்கோ. தலைக்குக் கீழ மெத்தையா ஏதும் வையுங்கோ. கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கோ. வாயுக்குள்ள கரண்டியோ விரலோ வைக்கப்படாது. அடிக்கிற கை காலை அமத்திப் பிடிக்கப்படாது. மணிக்கூட்டைப் பாருங்கோ. அஞ்சு நிமிசத்துக்கு மேல போனால், இல்லாட்டி நினைவு திரும்ப முதல் மறுபடி வந்தால், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்கோ."

"இரும்பு?" என்றார் அத்தான் மிக மெதுவாக.

டொக்டருக்கு முன்பே சங்கவி வாயைத் திறந்தாள். "பெரியப்பா, இரும்பு குடுத்தால் நிக்குமெண்டால், கைக்குழந்தையிலை இருந்து எனக்குள்ளயே ஒண்டு கிடக்குதே. அது இவ்வளவு நாளும் என்ன செய்தது?"

அத்தான் அவளைப் பார்த்தார். அவளுடைய நெற்றியைப் பார்த்தார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, சால்வையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். "என்ர கையாலை உடைச்சுப்போட்டன் பிள்ளை" என்றார்.

"தழும்பு வடிவாத்தான் இருக்கும். விடுங்கோ பெரியப்பா."

காலையும் இரவும் ஒரு குளிசை. நன்றாகி விட்டது என்று நாமாக நிறுத்தக்கூடாது. விரதம் என்றாலும் குளிசை விழுங்க வேண்டும். நித்திரையைக் குறைக்கக்கூடாது. கொஞ்சக் காலம் தனியாகக் கிணற்றடியிலோ குளத்திலோ குளிக்க வேண்டாம், பெரிய வீதியில் சைக்கிள் வேண்டாம். பள்ளிக்கூடம்? "ஏன் போகாமல் இருக்கோணும்?" என்று டொக்டர் என்னைத் திருப்பிக் கேட்டார். "பரீட்சை எழுதட்டும், கம்பசுக்குப் போகட்டும், கலியாணம் செய்யட்டும். பக்கத்திலை இருக்கிற ஆக்களுக்கு விசயம் தெரிஞ்சிருக்கோணும், அவ்வளவுதான்."

வெளியே வந்ததும் நான் தொலைபேசியை எடுத்து வகுப்பு ஆசிரியையை அழைத்தேன்.

"மிஸ், நான் அண்டைக்குச் சொன்னது பொய். சங்கவிக்கு வலிப்பு."

அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகச் சத்தமாகச் சொன்னேன். வராந்தாவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் தங்கள் பாட்டில் போனார்கள். உலகம் இடிந்து விழவில்லை.

ஆசிரியை, "சொன்னது நல்லதம்மா. அதிபரோட கதைச்சு, வகுப்புப் பிள்ளையளுக்கும் விளங்கப்படுத்துறன். ஆனால் தாய் தேப்பன்மார் என்ன சொல்லுவினமோ எனக்குத் தெரியாது. பக்கத்திலை இருத்த வேண்டாம் எண்டு ஆரும் வந்தாலும் வருவினம்" என்றார். ஒளிக்காமல் சொன்னார். அதற்காக இன்றும் அவருக்கு நன்றி.

அதன் பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு செய்தியும் இல்லை. மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கச் சங்கவியை யாழ்ப்பாணத்திலேயே வாட்டில் வைத்திருந்தார்கள். முதல் நாட்களில் தலை பாரமாக இருந்தது, எரிச்சல் வந்தது, என்னோடு கொழுவினாள். பிறகு தெளிந்தாள். காலையில் தேநீர்க் கோப்பை கையில் நின்றது. கணவர் வீட்டிலிருந்து தினமும் முருங்கையிலைச் சுண்டலும் சோறும் கொண்டு வந்து, எங்கள் இருவரையும் சாப்பிடவைத்துவிட்டுத்தான் அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

ஆனால் சங்கவியின் கண் தொலைபேசியில் இருந்தது. வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் இருக்கிறவள் மதுஷா. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கு. எத்தனை தரம் எடுத்தும் மதுஷாவின் தொலைபேசி வேலை செய்யவில்லை.

"தாய்க்காரி விட்டிருக்க மாட்டா" என்று சங்கவியே சொன்னாள். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். தையல் போட்டபோதும் வயர் ஒட்டியபோதும் அழாத பிள்ளை.

எனக்கும் அதுதான் நினைப்பு. மதுஷாவின் தாய் சந்தையில் மரக்கறி விற்கிறவர். கணவரில்லாமல் பிள்ளையைப் படிப்பிக்கிறவர். அதிகம் கதைக்க மாட்டார், படிப்பு விடயத்தில் மிகக் கண்டிப்பு. பரீட்சை வருகிற நேரத்தில் தன் பிள்ளைக்குப் பக்கத்தில் விழுந்து எழும்புகிற ஒரு பிள்ளையை அவர் விரும்புவாரா? எந்தத் தாய் விரும்புவாள்? நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டொக்டர் சொல்லிப் போன பிறகும் எங்கள் இருவருக்கும் சந்தோசம் வரவில்லை. வீட்டுக்குப் போய், பிறகு எங்கே போவது?

அன்று பின்நேரம், பார்வையாளர் நேரம் முடியப் போகையில், வாட்டு வாசலில் ஒரு பெண் நின்று கட்டில்களை எண்ணுவதுபோலப் பார்த்தார். கையில் சந்தைப் பை. வியர்வையில் சீலை முதுகோடு ஒட்டியிருந்தது. மதுஷாவின் தாய். வட்டக்கச்சியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். தன் பிள்ளைக்குப் பக்கத்தில் இருத்த வேண்டாம் என்று நேரே சொல்லிவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அவர் கதிரையில் இருக்கவில்லை. கட்டில் காலடியில் நின்று, சங்கவியின் நெற்றியை நன்றாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சோதினை முடியுமட்டும் எங்கடவளின்ர போனை வாங்கி வச்சிட்டன் அக்கா. அதாலை உங்களோட கதைக்கேலாமல் போச்சு. மிஸ் வகுப்பிலை எல்லாம் சொன்னவவாம். சங்கவி சுவர்ப் பக்கமெல்லே இருக்கிறவள்? விழுந்தால் தலை சுவரிலை அடிபடுமாம். இனி எங்கடவள் சுவர்ப் பக்கம் இருக்கிறாளாம், சங்கவி வெளிப் பக்கம் இருக்கட்டாம். பக்கமாச் சரிக்கிறது எண்டு மிஸ் வாயாலைதான் சொன்னவவாம், கையாலை எப்பிடி எண்டு அவளுக்கு விளங்கேல்லையாம். நல்லாக் கேட்டுக்கொண்டு வா எண்டு அனுப்பினவள். ஒருக்காச் செய்து காட்டுங்கோ அக்கா, எனக்குக் கடைசி பஸ்ஸுக்குப் போகோணும்."